தலைப்புப் போடாத அட்டவணை

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
6.8.1995

அன்புள்ள மச்சாளுக்கு,

இரண்டு வருடமாக நான் உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. நீங்களும் எழுதவில்லை. உங்கள் தம்பி செத்துவிட்டார், அந்தியேட்டிக் கிரியை செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்ல, அப்படியென்றால் இந்த வீட்டுப்படி மிதிக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். அதற்கு மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. பயத்தில் எழுதுகிறேன். இந்த ஊரில் யாரிடமாவது இதைச் சொன்னால் அடுத்த தவணைக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

உங்கள் தம்பியின் அறையில் சத்தம் கேட்கிறது.

விடுமுறை தொடங்கி, பகலில் வீட்டில் இருக்கத் தொடங்கிய பிறகுதான் கவனித்தேன். உச்சிப்பொழுதில் தெரு அடங்கியிருக்கும்போது, தரைக்குக் கீழே இருந்து யாரோ விரல் முட்டியால் தட்டுவது போல ஒரு சத்தம். சில நாள் ஒன்று, சில நாள் மூன்று. அதோடு அவருடைய அலுமாரிக் கதவு ஒரு சாண் அளவு தானாகத் திறக்கும். உள்ளே அவர் வேலைக்குப் போட்டுப்போகும் கந்தோர்ச் சேட்டுகள் தொங்குவது தெரியும். முதல்நாள் குசினியில் நின்ற நான் அகப்பையோடு கேற்றடிக்கு ஓடினேன். பக்கத்து வீட்டு நஜ்முன் நிஸா, "என்ன ரீச்சர், கறி கருகுற மணம் வருகுது, நீங்க வெயில்ல நிக்கிறீங்க" என்று கேட்டா. எலி என்று சொன்னேன்.

மச்சாள், நான் பேயை நம்புகிறவள் இல்லை. பதினாறு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஆனால் நம்பாவிட்டாலும் பயம் வரும் என்று இந்த மாதம்தான் விளங்கியது. அதனால் பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்திலிருந்து வெப்பமானி கொண்டுவந்தேன். அறைத் தரை முழுக்கக் கோதுமை மா தூவினேன். யாராவது நடந்தால் கால் பதிய வேண்டும். அலுமாரிப் பிடியில் நூல் கட்டினேன். என்ன நேரம், எத்தனை தட்டு, எந்தப் பக்கத்தால் வந்தது, எவ்வளவு பலம் என்று எல்லாம் கொப்பியில் எழுதுகிறேன். பேயைத் தேடுவதும் விஞ்ஞானமாகலாம், முறையாகத் தேடினால். இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் அந்த அறைக்குள் கால் வைக்கிறேன்.

அங்கே இருப்பது பேய் என்றால் அவர் செத்துவிட்டார் என்று அர்த்தம். 90 ஆனியில் வேலைக்குப் போன மனுசனை வழியில் மறித்து ஏற்றிக்கொண்டு போன நாளிலிருந்து, அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டு எத்தனை வாசலில் நின்றிருப்பேன்! ஆகவே அது பேய் இல்லை என்று நான் நிரூபித்தே ஆகவேண்டும்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். சின்ன வயதில் அவர் கதவைத் தட்டினால் எத்தனை தரம் தட்டுவார்? எட்டு வருடம் என்னோடு இருந்தவர், எனக்கு நினைவு வருகுதில்லை.

கடிதத்தை அலியார் காக்காவிடம் கொடுத்துவிடுகிறேன். தோப்பூர்க் கடைக்குச் சாமான் வாங்கக் கடலைத் தாண்டி லோஞ்சில் கிழமைக்கு ஒருதரம் இங்கே வந்து போகிறவர். பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

கமலேஸ்வரி


கிளிவெட்டி
11.8.1995

கமலேஸ்,

உம்முடைய கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல்தரம் அழுதேன். இரண்டாம்தரம் கோபம் வந்தது. மூன்றாம்தரம் கதவைச் சாத்திவிட்டு வாசித்தேன், பயத்தில்.

ஐந்து வருடமாக அவனுக்கு ஒரு எள்ளும் தண்ணீரும் இறைக்க விடவில்லை நீர். பசியும் தாகமுமாக அலைகிறவன் எங்கே போவான்? தன்ரை வீட்டுக்குத்தான் வருவான். வந்தவனுக்கு மா தூவி, நூல் கட்டி, வெப்பமானி பிடிக்கிறீர். காய்ச்சலா பார்க்கிறீர் அவனுக்கு?

எத்தனை தரம் தட்டுவான் என்று கேட்டீர். சோமசேகரம் எந்தக் கதவையும் தட்டினதில்லை. காலால் உதைத்துத்தான் திறப்பான், அதுக்கு ஐயாவிடம் நல்ல அடியும் வாங்கினவன். இதை உமக்குச் சாதகமாக எழுதிக்கொள்ள வேண்டாம். செத்த பிறகு ஒரு ஆளுக்குப் பழக்கம் மாறாது என்று உமக்கு ஆர் சொன்னது?

உம்முடைய விஞ்ஞானத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேணும். நான் எட்டாம் வகுப்போடு வயலுக்குள் இறங்கினவள். விவசாயக் கந்தோர் ஐயா புதுப் பசளை கொண்டுவந்தபோது வயலில் ஒரு வரவைத் துண்டுக்குப் போட்டு, பக்கத்து வரவைக்குப் போடாமல் விடச் சொன்னார். இரண்டையும் பார்த்தால்தானாம் விளைஞ்சது பசளையாலா, மழையாலா என்று தெரியும். நீர் மா தூவினது அவனுடைய அறையில் மட்டும். குசினியில் தூவினீரா? பக்கத்து வீட்டில் போய்க் கேட்டீரா? அவனுடைய அறைக்குள் மட்டும் தேடினால் அவன்தானே அகப்படுவான். அதோடை உமக்கு ஒரு விடைதான் வேணும். எனக்கும் ஒரு விடைதான் வேணும். இப்படி இரண்டு பேர் கையில் தராசைக் குடுத்தால் அது சரியாக நிறுக்குமா?

எழுதி வைத்ததை ஒரு பிரதி எடுத்து அனுப்பும். இங்கே அவன் பிறந்த வீட்டில் நானும் அதே நேரங்களைப் பார்க்கிறேன். ஆவி என்றால் தாய்வீட்டுக்கும் வரத்தானே வேணும். நேற்று மத்தியானம் பசு ஒரு காரணமும் இல்லாமல் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினது. மணி பார்க்கவில்லை. இனிப் பார்ப்பேன்.

தனியாக அந்த அறைக்குள் போகாதையும்.

குணேஸ்வரி


திருகோணமலை
20.8.1995

மச்சாளுக்கு,

அட்டவணையைப் பெரிய தாளில் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் முடியவில்லை. புதன்கிழமை அலியார் காக்கா வரும்போது அதைத் தனியாகக் கொடுத்துவிடுகிறேன். இந்தக் கடிதத்தை லோஞ்சில் வேலை செய்யும் அபூதாஹிர் கொண்டுவருகிறார். அலியார் காக்காவின் மச்சான்தான்.

பதினான்கு நாள் எழுதியிருக்கிறேன். கீழே வீட்டின் படமும் கீறி, கடல் எந்தப் பக்கம், வடக்கு எது என்று அம்புக்குறியும் போட்டிருக்கிறேன். வடக்குப் போடாத படத்துக்கு நான் பிள்ளைகளுக்குப் புள்ளி கொடுப்பதில்லை. தலைப்பு மட்டும் போடவில்லை. "பேய்ச் சத்தம்" என்று என் கையால் எழுத வெட்கமாக இருந்தது. ஒரு நிரலுக்கு மேலே "சோ. அறை" என்று எழுதியதோடு விட்டுவிட்டேன். உங்களுக்கு விளங்கும்தானே.

செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்லாமல் இருக்க ஏலாது. பன்னிரண்டு இருபதுக்கு மூன்று தட்டு. நூல் அறுந்தது. மாவில் காலடி இல்லை. வெப்பமானியில் மாற்றம் இல்லை. நான் வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அலுமாரி திறந்து சேட்டுக் கைகள் ஆடிக்கொண்டிருந்தன. "இஞ்சாருங்கோ, நீங்களோ?" என்று கேட்டுவிட்டேன். மச்சாள், என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். கேட்டு வாய் மூட முதல் இன்னொரு தட்டு விழுந்தது. அப்படியே தரையில் இருந்துவிட்டேன். எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது.

அந்தத் தட்டை நான் கொப்பியில் எழுதவில்லை. பிடிக்காத அளவீட்டை மறைப்பது களவு என்று வகுப்பில் கத்துகிறவள் நான்! மூன்று நாள் அது என்னை அரித்தது. பிரதியில் சேர்த்துவிட்டேன்.

பேய் இருக்கிறதோ இல்லையோ, இந்த வேலை விஞ்ஞானம்தானா என்று இப்போது எனக்கே சந்தேகம். அளக்கிறவள் அழுதுகொண்டு அளந்தால் அந்த அளவை யார் ஏற்றுக்கொள்வார்கள்? உங்கள் வரவைக் கதை நன்றாக உறைத்தது. நாளையிலிருந்து நஜ்முன் நிஸாவின் வீட்டிலும் அதே நேரத்தில் பார்க்கச் சொல்லப்போகிறேன். எதற்கு என்று கேட்டால் நில அதிர்வு என்று சொல்வேன். அங்கே ஒன்றும் கேட்காமல் இங்கே மட்டும் கேட்டால் என்ன என்று எழுத என் கை வருகுதில்லை.

கமலேஸ்வரி


கிளிவெட்டி
24.8.1995

கமலேஸ்,

அட்டவணை வரவில்லை. அலியார் காக்காவும் வரவில்லை.

அவருடைய மனுசி அசனா நாலு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு விடியவே என் கேற்றடியில் வந்து நிற்கிறா. நேற்று அங்கே துறையடியில் நேவி சோதித்தபோது மடியிலிருந்து ஒரு பெரிய தாளை எடுத்தார்களாம். நேரம் நேரமாக எழுதி, படம் கீறி, கடற்பக்கம் அம்புக்குறி போட்டிருந்ததாம். "இது என்ன?" என்று கேட்க, அந்த மனுசன் "எனக்குத் தெரியா ஐயா, ரீச்சர் ஒராள் தந்தவ" என்றிருக்கிறார். அதோடை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

உமக்கு என்ன பிடித்தது? மேலே "பேய்" என்று ஒரு சொல் எழுதியிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பாங்கள். உமக்கு வெட்கம்! உம்முடைய வெட்கத்துக்கு அந்த அப்பாவி மனுசன் உள்ளுக்குக் கிடக்கிறார்.

இல்லை, அனுப்பச் சொன்னவள் நான்தான். அசனாவின் முகத்தைப் பார்க்க ஏலாமல் குசினிக்குள் இருந்து இதை எழுதுகிறேன். 90 இல் நீர் நின்ற அதே நிலைதான் அது.

உடனே போய்ச் சொல்லும், அது பேய்க் கணக்கு என்று. வெட்கப்படாமல் சொல்லும்.

குணேஸ்வரி


திருகோணமலை
26.8.1995

மச்சாள்,

வாசித்ததும் இதை அடுப்பில் போடுங்கள். அபூதாஹிர் கொண்டுவருகிறார். இன்னொரு ஆளையும் மாட்டிவிட வேண்டாம் என்று நான் மறுக்க, "தாங்க ரீச்சர், அவர் என்ட மச்சான்" என்று அவர்தான் வாங்கிக்கொண்டார்.

அந்தச் சத்தம் பேய் இல்லை.

மூன்று நாள் நஜ்முன் நிஸாவின் வீட்டிலும் பார்த்தோம். என் வீட்டில் தட்டுக் கேட்ட அதே நிமிடத்தில் அவவுடைய குசினியில் கோப்பைகள் கிணுங்கின. மூன்று நாளும் நிமிடம் பிசகவில்லை. புதன்கிழமை பின்னேரம் அபூதாஹிரிடம் கேட்டோம். அன்று லோஞ்சுக்குப் போகாததால் மச்சானைப் பிடித்த கதை அப்போது அவருக்குத் தெரியாது. அவர் சிரித்தார். "ரீச்சர், துறைமுகத்துக்குள்ள இயக்கத்து ஆக்கள் முக்குளிச்சு வந்திடுவாங்களெண்டு நேவி படகில வந்து தண்ணிக்குள்ள சின்னக் குண்டு போடுறாங்க. கரையில மீன் வயித்தைக் காட்டிக்கொண்டு ஒதுங்குதே, நீங்க காணல்லியா?" என்றார். வெளியே சத்தம் பெரிதாகக் கேட்காது. தண்ணீரால் பாறைக்குள் இறங்கி, பாறைமேல் கட்டின எங்கள் வீடுகளுக்குள் வருகிறது. அவருடைய அறைதான் கடலுக்கு மிகக் கிட்ட இருக்கிறது. அந்த அலுமாரியின் கொழுக்கியும் கழன்றிருந்தது, அதிர்வில் கதவு திறந்துவிடும். இவ்வளவுதான் பேய்.

நான் சிரித்தேன், பிறகு குரல் எடுத்து அழுதேன். நஜ்முன் நிஸா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தா. அந்த அறையில் ஒருவரும் இல்லை மச்சாள். அவர் செத்ததற்கு அங்கே ஒரு சாட்சியும் இல்லை. உங்கள் பக்கத்து வரவைதான் அதைக் காட்டித் தந்தது. இரண்டு இரவு நிம்மதியாகப் படுத்தேன். வெள்ளிக்கிழமை உங்கள் கடிதம் வந்தது.

விளங்குகிறதா? அது பேய்க் கணக்கு இல்லை என்றால் வேறு என்ன கணக்கு? துறைமுகத்தில் எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், எத்தனை குண்டு போடுகிறார்கள், எந்த நேரத்தில் போடுவதில்லை என்ற கணக்கு. பதினான்கு நாள் கணக்கு, படத்தோடு, வடக்கோடு! இதைவிட நல்ல உளவுத்தாளை ஒருவராலும் எழுத ஏலாது. என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த ஒரேயொரு ஆய்வு ஒரு மனுசனைக் கொல்லப்போகிறது.

இன்று காலை நேவி முகாமுக்குப் போனேன். அதிகாரியின் மேசையில் என் தாள் விரித்துக் கிடந்தது. மொழிபெயர்க்க ஒருவர் பக்கத்தில் நின்றார். உண்மையைச் சொன்னால் அலியார் காக்காவும் முடிந்தார், நானும் முடிந்தேன். ஆகவே பேய் என்றேன். என் வீட்டில் பேய் இருக்கிறது, அதைத்தான் எழுதினேன் என்றேன். அதிகாரி சிரிக்கவில்லை.

"சோ. எண்டு எழுதியிருக்கிறது ஆரை?"

என் கணவர் என்றேன்.

"அவர் எங்கை?"

ஐந்து வருடமாகக் காணவில்லை என்றேன்.

"அப்ப உயிரோடை இருக்கிறார்?"

மச்சாள், ஐந்து வருடமாக எல்லாக் கந்தோரிலும் நான் "ஓம், ஓம்" என்று கத்தின கேள்வி அது. இன்று வாய் திறக்கவில்லை. அதிகாரி சொல்லச் சொல்ல, மொழிபெயர்ப்பவர் தலையைக் குனிந்துகொண்டு தமிழில் சொன்னார். "உயிரோடை இருக்கிற ஆளுக்குப் பேய் இல்லையாம். அப்பிடியெண்டால் அவர் மற்றப் பக்கத்திலை நிக்கிறார், நீங்கள் அவருக்குக் கணக்கு எடுக்கிறீங்களாம். செத்தவர் எண்டால் சத்தியக்கடதாசி முடிச்சுக்கொண்டு வரட்டாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பினமாம்."

காணாமல் போனவர்களுக்கு மரணம் பதிய எங்கள் பகுதி விதானையார் தந்த விண்ணப்பம் மூன்று மாதமாக என் மேசையில் கிடக்கிறது. நான் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் சாகவில்லை என்று தெரிந்துகொண்ட அதே கிழமையில் அவர் செத்துவிட்டார் என்று நான் சத்தியம் செய்ய வேண்டும்.

உங்கள் தம்பி அவர். என்ன செய்யட்டும்? சொல்லுங்கள்.

கமலேஸ்வரி


கிளிவெட்டி
28.8.1995

கமலேஸ்,

கடிதத்தை அடுப்பில் போடவில்லை. போடத்தான் போனேன். அவன் செத்ததற்குச் சாட்சி இல்லை என்று எழுதியிருக்கிற கடதாசியை எப்படி நெருப்பில் போடுவது? நெல்லுக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். திட்டுவதென்றால் திட்டும்.

ஐந்து வருடமாக அவன் செத்தான் செத்தான் என்று சொன்னவள் நான். கட்டாடியிடம் போய்க் குறி கேட்டவளும் நான். இப்ப நீர் கேட்க எனக்கு வாய் வருகுதில்லை. ஏன் தெரியுமா? நான் செத்தான் என்று சொல்ல, நீர் இல்லை என்று மல்லுக்கு நின்றீர். நீர் நிற்கிற தைரியத்தில்தான் நான் சொன்னனான். நீரும் கையெழுத்துப் போட்டுவிட்டால், இல்லை என்று சொல்ல இனி ஆர் இருக்கினம்?

அசனா இன்றைக்கும் வந்தா. ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "உங்கட தம்பி போனபோது நீங்க பட்ட பாடு எனக்குத் தெரியும் அக்கா. எனக்கும் அப்படி வர விட்டுடாதீங்க" என்றா. சின்னப்பிள்ளை அவவின் சீலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றது.

போடும் கையெழுத்தை. நான் சொல்லித்தான் போட்டீர் என்று இருக்கட்டும். பாவம் என்றால் அது என் தலையில் இருக்கட்டும். யோசிக்காமல் போடும். யோசித்தால் உம்மால் ஏலாது.

குணேஸ்வரி


திருகோணமலை
4.9.1995

மச்சாளுக்கு,

அலியார் காக்காவைச் சனிக்கிழமை விட்டார்கள். இதற்குள் நீங்கள் பார்த்திருப்பீர்கள். வலதுகை விரல்களை மடக்க ஏலாமல் இருக்கிறார். என்னைக் கண்டதும் "ரீச்சர், உங்கட பேய் பொல்லாத பேய்" என்று சொல்லிச் சிரித்தார். நான் காலில் விழப்போக, பதறி விலகிவிட்டார்.

வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டேன். "மேற்படி சோமசேகரம் என்பவர் இறந்துவிட்டார் என நான் உண்மையாக நம்புகிறேன்" என்று எழுதியிருந்தது. சமாதான நீதவான் என் முகத்தைப் பார்க்காமல் முத்திரையைக் குத்தினார்.

வெள்ளிக்கிழமை பேயைப் பார்க்க அந்த அதிகாரி வீட்டுக்கே வந்துவிட்டார். இரண்டு சிப்பாய்களும் மொழிபெயர்ப்பவரும் கூட வந்தார்கள். உச்சிப்பொழுது. என் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அவருடைய அறையில் நின்றார். நான் ஒருநாளும் அப்படிப் பயந்ததில்லை. முன்பு சத்தம் வரக்கூடாது என்று பயந்தேன், அன்றைக்கு அது வராமல் போய்விடுமோ என்று பயந்தேன். வந்தது. மூன்று தட்டு. அலுமாரி திறந்தது. ஒரு சிப்பாய் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான். அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு ஜன்னலால் கடலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அவருக்குத் தெரியும் மச்சாள். எல்லாம் தெரியும். ஏன் விட்டார் என்று எனக்கு விளங்கவில்லை. சத்தியக்கடதாசியை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பவர் மெதுவாகச் சொன்னார்: "உங்கடை மனுசன் இனிச் செத்தவராகவே இருக்கவேணுமாம்."

அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. பேய்க்குப் பயமில்லை. தட்டுக் கேட்டால் குண்டு என்று நினைத்துக்கொண்டு சோறு வடிக்கிறேன். என் பயமெல்லாம் அவர் உயிரோடு இருப்பதுதான். ஒருநாள் அவர் எங்கிருந்தோ வந்து பஸ்ஸால் இறங்குவார். சோதனையில் பெயரைக் கேட்பார்கள். சொல்வார். அந்தப் பெயருக்கு உரியவர் செத்துவிட்டார் என்று அவருடைய பெண்சாதியே சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறாள். செத்தவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறவரை என்ன செய்வார்கள்? என்ன செய்தாலும் நான் எந்தக் கந்தோரில் போய்க் கேட்பேன்? செத்தவரைக் காணவில்லை என்று எழுதிக் கொடுக்க ஏலுமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விஞ்ஞானம் படிப்பிக்கிற நான், அவர் திரும்பி வந்தால் சல்லிக் கோயில் முத்துமாரியம்மனுக்குப் பொங்குவதாக ஐந்து வருடமாக நேர்ந்து வைத்திருக்கிறேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொன்னால் சிரிப்பீர்கள் என்று சொல்லவில்லை.

அந்தியேட்டி செய்வதென்றால் செய்யுங்கள். மறிக்க இனி எனக்கு வாயில்லை.

கமலேஸ்வரி


கிளிவெட்டி
9.9.1995

கமலேஸ்,

அலியார் காக்கா வீட்டுக்குப் போய்வந்தேன். அவருக்குச் சோறு பிசைந்து ஊட்டிவிடுகிறா அசனா. நான் கொண்டுபோன முட்டையை வாங்கினா. அவ்வளவும் எனக்குக் காணும்.

அந்தியேட்டி செய்யமாட்டேன். ஐயர் கேட்டார், கட்டாடியும் கேட்டான், "கடதாசியும் முடிஞ்சுது, இனி என்ன?" என்று. ஏலாது என்று சொல்லிவிட்டேன். எள்ளும் தண்ணீரும் இறைத்தால் அதுவும் ஒரு கையெழுத்துத்தான். குடும்பத்தில் ஒராள் போட்டது போதும்.

பேய் இல்லை என்று நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, விளங்குதா? உம்முடைய வீட்டுச் சத்தத்துக்குத்தான் நீர் விடை கண்டுபிடித்தனீர். என் பசு ஏன் கயிறு அறுத்தது என்று உம்முடைய கொப்பியில் இல்லை. ஆனால் நான் இனி மணி பார்க்கவும் மாட்டேன், எழுதவும் மாட்டேன். நீரும் எழுதாதையும்.

நேர்த்தியைப் பற்றி வாசித்தேன். சிரிக்கவில்லை. நானும் இரண்டு இரவு கண்ணை மூடாமல் யோசித்துப் பார்த்தேன், அவன் பஸ்ஸால் இறங்கி, தன்ரை பேரைச் சொல்வதை. அவன் அப்படித்தான் சொல்வான், முழுப்பேரையும், ஐயாவின் பேரோடை சேர்த்து. பொய் சொல்லத் தெரியாத மடையன்.

அதனால் நீர் சல்லிக்குப் போம். இந்த வெள்ளிக்கே போய் அம்மனுக்கு முன்னால் நின்று அந்த நேர்த்தியை மாற்றும். அவன் வரவேணும் என்று ஐந்து வருடம் கேட்டீர். இனி வரக்கூடாது என்று கேளும். நானும் இங்கே அதைத்தான் கேட்டு அழுகிறேன். எங்கேயாவது, வேறு ஒரு பேரோடை, உயிரோடை இருக்கட்டும். எங்களிடம் வரவேண்டாம்.

குணேஸ்வரி